இல்லாமையை அளக்கும் அளவுகோல்

ஒரு குழந்தையைப் பார்க்காமலேயே, அதற்கு எடை குறைவாக இருக்குமா, அடிக்கடி நோய் வருமா என்று சொல்ல முடியுமா? சோதிடரைத்தான் கேட்க வேண்டும் என்று நீங்கள் சிரிக்கக்கூடும். ஆனால் பொது சுகாதாரவியல் என்னும் அறிவியல் துறையும் இக்கேள்விக்கு ‘ஓரளவு முடியும்’ என்றே விடை தருகிறது. சோதிடர் குழந்தை பிறந்த நேரத்தைக் கேட்பார். இந்தத் துறையோ பிறந்த வீட்டைப் பற்றிக் கேட்கிறது. வீட்டில் எத்தனை அறைகள்? அடுப்பில் எரிவது விறகா, எரிவாயுவா? குடிநீர் எங்கிருந்து வருகிறது? தாய் எத்தனை வகுப்பு படித்தவர்? குடும்பத்துக்கு நிலம் உண்டா, அன்றாடக் கூலிதானா?

இத்தகைய கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளை எண்களாக்கிக் கூட்டி, ஓர் ஊரின் அல்லது ஒரு வீட்டின் ‘இல்லாமை’ எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். இதனைச் சமூக இல்லாமைக் குறியீட்டெண் என்று கூறலாம். இந்த அளவுகோலை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதை அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்து வானம் பார்த்த பூமியை மனத்தில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பழைய கணக்கு ஒன்று

1842ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எட்வின் சாட்விக் என்பவர் உழைக்கும் மக்களின் சுகாதார நிலை குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அதில் ஒரு சிறு அட்டவணை உண்டு. மான்செஸ்டர் நகரில் வசதி படைத்த குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 38. அதே நகரில் கூலித் தொழிலாளர் குடும்பங்களில் அது 17. ரட்லண்ட் என்னும் கிராமப்புறப் பகுதியில் வசதி படைத்தோருக்கு 52, தொழிலாளர்களுக்கு 38.

பதினேழு வயது என்றதும், தொழிலாளர்கள் எல்லாரும் பதினேழு வயதிலேயே இறந்துவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பெரியவர்கள் பலர் நாற்பது, ஐம்பது வரை வாழ்ந்தார்கள். கைக்குழந்தைகளும் சிறுவர்களும் பெருந்தொகையாக இறந்ததால்தான் சராசரி அவ்வளவு கீழே இறங்கியது. குழந்தைகளின் சாவு சராசரி வயதை எவ்வளவு பலமாகக் கீழே இழுக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இந்த நான்கு எண்களில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒரே ஊரில் ஏழை வீட்டுக்கும் வசதியான வீட்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது என்பது முதற் பாடம். கிராமத்துக் கூலியாளின் எண்ணும் நகரத்துச் செல்வரின் எண்ணும் ஒன்றே என்பது இரண்டாவது பாடம். இரண்டும் 38தான். அதாவது வீட்டின் நிலை ஒரு காரணம். ஊரின் நிலை இன்னொரு காரணம். சாக்கடையும் நெரிசலும் நிறைந்த நகரத்தில் பணம் தர முடியாத ஒன்றைத் திறந்த வெளியும் தூய காற்றும் உள்ள நாட்டுப்புறம் ஏழைக்கும் தந்தது. எனவே வீட்டை அளப்பதோடு ஊரையும் அளக்க வேண்டும்.

இல்லாமை உடலுக்குள் நுழையும் வழி

வீட்டின் கூரைக்கும் குழந்தையின் எடைக்கும் என்ன தொடர்பு? கூரை நேரே குழந்தையை மெலியச் செய்வதில்லை. இடையே பல படிகள் உள்ளன.

கழிப்பறை இல்லாத ஊரை எடுத்துக்கொள்வோம். மலத்திலுள்ள கிருமிகள் ஈயின் காலிலும் குழந்தையின் கையிலும் ஒட்டி வயிற்றுக்குள் போகின்றன. திரும்பத் திரும்ப வயிற்றுப்போக்கு வருகிறது. வெளியே தெரியும்படி வயிற்றுப்போக்கு வராவிட்டாலும், ஓயாத கிருமித் தொல்லையால் குடலின் உட்சுவர் பழுதடைகிறது. அப்போது உண்ட சோறு உண்டபடி உடம்பில் சேர்வதில்லை. செருப்பில்லாமல் நடக்கும் காலின் தோலைத் துளைத்து நுழையும் கொக்கிப்புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது, இரத்தசோகை வருகிறது.

விறகடுப்பின் புகையில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டரைப் பங்குக்கும் குறைந்த நுண்துகள்கள் உள்ளன. அவை நுரையீரலின் கடைசி அறைவரை போய்விடும். தாயின் இடுப்பிலிருந்தபடி அடுப்பங்கரையில் பொழுதைக் கழிக்கும் குழந்தைக்கு நிமோனியா வரும் வாய்ப்பு கூடுகிறது.

இனி, அன்றாடக் கூலியின் கணக்கு. ஒரு வயதுக் குழந்தையின் வயிறு சிறியது. ஒரே வேளையில் நிறைய ஊட்டிவிட்டு மாலைவரை விட்டுவிட முடியாது. தாய்ப்பாலோடு ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாய் விடியற்காலையில் களையெடுக்கவோ, சீமைக் கருவேல மரம் வெட்டவோ, கரி மூட்டத்து வேலைக்கோ போய்விட்டு மாலையில் திரும்பினால், நடுவிலுள்ள இரண்டு வேளைக்குப் பொறுப்பு யாருடையது? பாட்டி இருந்தால் நல்லது. எட்டு வயது அக்கா மட்டுமே இருந்தால், குழந்தையின் எடை வீட்டிலுள்ள அரிசியைப் பொறுத்து இருக்காது. ஊட்டுகிற கையைப் பொறுத்துத்தான் இருக்கும்.

தாயின் படிப்பும் இப்படித்தான் வேலை செய்கிறது. பள்ளியில் நீடித்த பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகிறது. உடல் முதிர்ந்தபின் தாயாகிறாள். இரத்தசோகையுள்ள இளந்தாய்க்கு இரண்டரைக் கிலோவுக்கும் குறைந்த எடையில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம். கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது முடியும்வரை உள்ள ஏறத்தாழ ஆயிரம் நாட்களில் ஏற்படும் வளர்ச்சிக் குறையைப் பின்னர் ஈடு செய்வது கடினம். அளவுகோலுக்கு அவசரம் இருப்பது இதனால்தான். பள்ளியில் சேரும்போது குழந்தையைக் கண்டுபிடித்துப் பயனில்லை. அதற்குள் ஆயிரம் நாட்கள் கடந்துபோயிருக்கும்.

குறியீட்டெண் பிறக்கும் விதம்

சாட்விக் காலத்துக் கணக்கு எளிமையானது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இது ஒரு முறையான அளவீடாக வளர்ந்தது. 1983இல் பிரையன் ஜார்மன் என்னும் இங்கிலாந்து மருத்துவர், எந்தப் பகுதியில் மருத்துவரின் வேலைச்சுமை மிகுதி என்று அறிய ஒரு குறியீட்டெண் அமைத்தார். பின்னர் 1990 முதல் பின்தங்கிய பகுதி மக்களைக் கவனிக்கும் மருத்துவர்களுக்குக் கூடுதல் பணம் வழங்க அது பயன்பட்டது. 1988இல் பீட்டர் டௌன்சென்ட் என்னும் சமூகவியலாளரும் அவருடைய துணைவர்களும் இன்னொரு குறியீட்டெண்ணை வெளியிட்டனர். அதற்கு நான்கே கேள்விகள்: வேலையின்மை எவ்வளவு, கார் இல்லாத வீடுகள் எத்தனை, சொந்த வீடு இல்லாதோர் எத்தனை பேர், நெரிசலான வீடுகள் எத்தனை.

வெவ்வேறு வகையான எண்களை எப்படிக் கூட்டுவது? கிலோவையும் மீட்டரையும் கூட்ட முடியாது என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். இங்கே அதற்கு ஓர் உபாயம் உண்டு. ஒவ்வோர் எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகலைத் திட்ட விலக்கத்தால் வகுத்துவிட வேண்டும். அப்போது எல்லாம் அலகில்லாத எண்களாகிவிடும். பிறகு கூட்டலாம்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஓர் ஒன்றியத்தில் கழிப்பறை இல்லாத வீடுகள் சராசரியாக 40 சதவீதம், திட்ட விலக்கம் 10. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத தாய்மார்கள் சராசரியாக 20 சதவீதம், திட்ட விலக்கம் 5. நிலமற்ற கூலிக் குடும்பங்கள் சராசரியாக 50 சதவீதம், திட்ட விலக்கம் 20.

‘அ’ என்னும் ஊரில் இவை முறையே 60, 25, 50. விலகல்களை வகுத்தால் +2, +1, 0, கூட்டினால் +3. ‘ஆ’ என்னும் ஊரில் 40, 20, 90. அதன் எண்கள் 0, 0, +2, கூட்டினால் +2. ‘இ’ என்னும் ஊரில் 30, 15, 40. அதன் எண்கள் –1, –1, –0.5, கூட்டினால் –2.5. எனவே இல்லாமையில் ‘அ’ முதலிடம், ‘ஆ’ அடுத்தது, ‘இ’ கடைசி. செவிலியரின் கூடுதல் பயணம் எந்த ஊருக்கு முதலில் போகவேண்டும் என்பதற்கு இப்போது ஒரு வரிசை கிடைத்துவிட்டது.

ஆனால் கவனியுங்கள். மூன்று எண்களுக்கும் நாம் சம மதிப்புக் கொடுத்தோம். கூலிக்கு இரட்டை மதிப்புக் கொடுத்திருந்தால் ‘அ’வின் எண் +3 ஆகவே நிற்க, ‘ஆ’வின் எண் +4 ஆகிவிடும், வரிசை தலைகீழாகும். எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் கணிதம் தானாகச் சொல்வதில்லை. அளப்பவர்தான் முடிவு செய்கிறார். அந்த முடிவுக்கு அவர் காரணம் காட்டவேண்டும்.

நரிக்குடிக்கு எந்தக் கோல்?

டௌன்சென்டின் நான்கு கேள்விகளை அப்படியே நரிக்குடிக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? கார் இல்லாத வீடு என்று பார்த்தால் ஊரின் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். சொந்த வீடு இல்லாதோர் என்று பார்த்தால், குடிசையானாலும் பலருக்கு அது சொந்தக் குடிசையே. இரண்டு கேள்விகளும் இங்கே யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டமாட்டா. எல்லாப் பொருளுக்கும் ஒரே எடை காட்டும் தராசு எதற்குப் பயன்படும்?

நம் நாட்டிலேயே செய்த கோலுக்கும் தேய்மானம் உண்டு. வீட்டில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்று கேட்டு வசதியை மதிப்பிடுவது ஒரு முறை. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டிலிருந்து அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கியது. 2011ஆம் ஆண்டிலிருந்து மின்விசிறி, மிக்சி, கிரைண்டர் ஆகியவை வழங்கப்பட்டன. அதன்பின் வீட்டில் தொலைக்காட்சி இருப்பது வசதியின் அடையாளமாக இல்லை. பொருள் கிடைத்தது நல்லதே. ஆனால் அளவுகோலில் அந்தக் கோடு அழிந்துவிட்டது.

இன்று இந்தியாவில் பரவலாகப் பேசப்படும் அளவு, நிதி ஆயோக் 2021இலும் 2023இலும் வெளியிட்ட பல பரிமாண வறுமைக் குறியீடு. அதில் உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்று மூன்று பகுதிகள். மூன்றுக்கும் சம மதிப்பு. மொத்தம் பன்னிரண்டு கேள்விகள். பின்னங்களை நீக்கிவிட்டு 42 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு என்று கொண்டால் எளிதில் விளங்கும். சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, பொருள்கள், வங்கிக் கணக்கு ஆகிய ஏழில் ஒவ்வொன்றும் இல்லாமற்போனால் 2 மதிப்பெண். பள்ளிப்படிப்பின் ஆண்டுகள், பள்ளிக்கு வருகை ஆகியவற்றுக்குத் தலா 7. உடல்நலத்தில் சத்துக்குறைவுக்கு 7. குழந்தை அல்லது வளரிளம் பருவத்தினர் இறப்புக்கும் தாய் நலத்துக்கும் தலா மூன்றரை. மொத்தத்தில் 14 அல்லது அதற்கு மேல் பெற்ற வீடு ஏழை வீடு. இந்தத் தேர்வில் மதிப்பெண் கூடுவது நல்லதன்று என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது ஒரு வீட்டைப் பார்ப்போம். விறகடுப்பு 2, மண்தரை வீடு 2, கழிப்பறை இல்லை 2, குடிநீருக்கு நெடுந்தூரம் 2; ஆக 8. இவ்வீடு ஏழை வீடு அன்று. அதே வீட்டில் ஒரு குழந்தை மெலிந்துவிட்டால் 7 கூடி 15 ஆகிறது, ஏழை வீடாகிவிடுகிறது. குழந்தை மெலிந்த பிறகுதான் அளவுகோல் அந்த வீட்டைக் கண்டுகொள்கிறது! காரணம், கேள்விகளுக்குள்ளேயே உடல்நலமும் இருப்பதுதான். மக்களின் வறுமையை அளக்க இது பொருத்தமானது. ஆனால் வரப்போகும் நோயை முன்கூட்டி அறிய வேண்டுமானால், உடல்நலத்தை வெளியே எடுத்துவிட்டு மற்ற இல்லாமைகளை மட்டும் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் விடையை வைத்தே விடையைக் கண்டுபிடித்தது போலாகும்.

மெலிந்த குழந்தை உள்ள இன்னொரு வீட்டையும் பாருங்கள். அந்தக் குழந்தைக்காக 7, விறகடுப்புக்கு 2, மண்தரைக்கு 2; ஆக 11. இவ்வீடு ஏழைப் பட்டியலில் இல்லை. ஆனால் குழந்தை மெலிந்திருப்பது உண்மை.

நரிக்குடி வட்டாரத்துக்கென ஒரு கோல் செய்வதானால் எதையெல்லாம் கேட்கலாம்? மழை பொய்த்த ஆண்டில் குடும்பம் வெளியூருக்குப் பிழைக்கப் போகிறதா? கோடையில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? ஊருக்குப் பேருந்து எத்தனை முறை வருகிறது? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டுமா? கடைசிக் கேள்வி என் பார்வையில் மிக முக்கியமானது. மருத்துவம் இலவசமாகவே இருக்கலாம். ஆனால் அந்த நாளின் கூலி போய்விடுகிறதே!

மாவட்டம் பெரிது, ஊர் சிறிது

எவ்வளவு பெரிய பரப்பை ஒரே எண்ணால் குறிப்பது என்பது அடுத்த சிக்கல். 2018ஆம் ஆண்டு மத்திய அரசு நாடெங்கும் முன்னேற விழையும் மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டில் தேர்வானவை விருதுநகர், இராமநாதபுரம் ஆகிய இரண்டு. உடல்நலம், கல்வி, வேளாண்மையும் நீர்வளமும், நிதிச் சேவையும் தொழில் திறனும், அடிப்படை வசதிகள் என ஐந்து துறைகளில் 49 குறியீடுகள் வைத்து அவற்றின் வளர்ச்சி கணக்கிடப்படுகிறது. உடல்நலமும் ஊட்டச்சத்தும் அதில் 30 சதவீத மதிப்புப் பெறுகின்றன.

விருதுநகர் மாவட்டத்தின் வரைபடத்தைப் பாருங்கள். மேற்கே மலையடிவாரம், இராசபாளையத்தின் நூற்பாலைகள், சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள். கிழக்கே திருச்சுழி, நரிக்குடி. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் பருத்தி, மல்லி, குதிரைவாலி. அதுவும் தவறினால் கருவேலங்கரி. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே சராசரி எடுத்தால் அது மேற்கையும் சரியாகக் காட்டாது, கிழக்கையும் சரியாகக் காட்டாது. ஆகவே ஒன்றியவாரியாக, ஊராட்சிவாரியாக, முடிந்தால் குக்கிராமவாரியாக அளக்க வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் பரப்பைக் குறைத்துக்கொண்டே போனால் வேறொரு தொல்லை வருகிறது. ஒரு குக்கிராமத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 12 பேர். அவர்களில் எடை குறைந்தவர்கள் 3 பேர் என்று கொள்வோம். அது 25 சதவீதம். அடுத்த ஆண்டு 5 பேர் என்றால் 42 சதவீதம். நிலைமை திடீரென மோசமாகிவிட்டதா? சொல்ல முடியாது. கதிரியக்கத்தை எண்ணும்போது குறைந்த எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரிவதைப் போன்றதே இது. 12 குழந்தைகளில் 25 சதவீதம் என்ற கணக்கில் தற்செயல் பிழை மட்டுமே ஏறத்தாழ 12.5 சதவீதம். 1,200 குழந்தைகள் உள்ள ஒன்றியத்தில் அது 1.25 சதவீதமாகக் குறையும். எனவே மாவட்ட எண் உறுதியானது, ஆனால் மங்கலானது. குக்கிராமத்து எண் நெருக்கமானது, ஆனால் நடுங்குகிறது.

சராசரியும் தனிக் குழந்தையும்

ஓர் அறையின் வெப்பநிலை 27 டிகிரி செல்சியசு என்று வெப்பமானி காட்டுகிறது. அந்த அறையிலுள்ள நைட்ரசன் மூலக்கூறுகள் சராசரியாக விநாடிக்குச் சுமார் 475 மீட்டர் வேகத்தில் பறக்கின்றன என்று அதைக்கொண்டு கணக்கிடலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறின் வேகம் என்ன? வெப்பமானியால் சொல்ல முடியாது. அது 100 மீட்டராகவும் இருக்கலாம், 1,000 மீட்டராகவும் இருக்கலாம். வெப்பநிலை கூட்டத்தின் பண்பே தவிரத் தனி மூலக்கூறின் பண்பு அன்று.

இல்லாமைக் குறியீட்டெண்ணும் அப்படியே. +3 பெற்ற ‘அ’ ஊரிலும் கொழுகொழுவென்று வளரும் குழந்தைகள் உண்டு. –2.5 பெற்ற ‘இ’ ஊரிலும் மெலிந்து சோரும் குழந்தைகள் உண்டு. இதை மறந்தால் என்ன இழப்பு நேரும் என்பதற்கு ஒரு கணக்குப் போடுவோம்.

ஓர் ஒன்றியத்தில் 1,000 குழந்தைகள் என்று கொள்வோம். இல்லாமை மிகுந்த ஊர்களில் 200 பேர். மற்ற ஊர்களில் 800 பேர். இல்லாமை மிகுந்த ஊர்களில் 40 சதவீதக் குழந்தைகளும் மற்ற ஊர்களில் 20 சதவீதக் குழந்தைகளும் வளர்ச்சி குன்றியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னதில் 80 பேர். பின்னதில் 160 பேர். மொத்தம் 240 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர், ‘பரவாயில்லை’ என்று நாம் ஒதுக்கிவைத்த ஊர்களில் இருக்கிறார்கள்!

அளவுகோல் பொய் சொல்லவில்லை. முதல் வகை ஊரில் நூறு வீட்டுக் கதவைத் தட்டினால் 40 குழந்தைகள் கிடைப்பார்கள். இரண்டாம் வகையில் 20 பேர்தான். ஆனால் முதல் வகை ஊர்களோடு நின்றுவிட்டால் 160 பேர் விடுபட்டுப் போவார்கள். ஆபத்து மிகுந்த சிறு கூட்டத்தைவிட, ஆபத்துக் குறைந்த பெருங்கூட்டத்திலிருந்து அதிக நோயாளிகள் வரக்கூடும் என்பதை ஜெஃப்ரி ரோஸ் என்னும் மருத்துவ அறிஞர் 1985இல் தெளிவாக விளக்கினார்.

இது வெறுங்கணக்கு அன்று. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பல பரிமாண வறுமையில் உள்ளவர்கள் 2.2 சதவீதம். அதே ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 25 சதவீதம். வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள் 22 சதவீதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களில் இரத்தசோகை உள்ளவர்கள் 57 சதவீதம். ஏழை வீடுகளில் குழந்தைகள் சற்று அதிகம் என்று வைத்துக்கொண்டாலும், வளர்ச்சி குன்றிய குழந்தைகளில் பெரும்பாலோர் ஏழைப் பட்டியலுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். பட்டியலில் பெயர் உள்ள வீட்டுக் குழந்தைக்கு மட்டுமே ஊட்டச்சத்து என்று ஒரு விதி செய்தால், அந்தக் குழந்தைகளின் கதி என்ன?

தமிழ்நாடு கண்ட வழி

இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல விடை உண்டு. 1980ஆம் ஆண்டு உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு, உணவிலிருந்து கிடைக்கும் கலோரி அளவு மிகக் குறைவாக இருந்த ஆறு மாவட்டங்களின் கிராமப்புறங்களுக்கு அது விரிந்தது. அன்றைய இராமநாதபுரம் மாவட்டமும் அவற்றுள் ஒன்று. விருதுநகர் 1985இல்தான் தனி மாவட்டமாயிற்று. அதற்குமுன் நரிக்குடியும் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததே.

திட்டத்தின் அமைப்பைக் கவனியுங்கள். எந்த மாவட்டம் என்பதை இல்லாமையின் அளவு முடிவு செய்தது. ஆனால் எந்தக் குழந்தை என்பதை அது முடிவு செய்யவில்லை. அந்த வேலை தராசுக்குத் தரப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்கள். கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால், அந்தக் குழந்தைக்குக் குறைந்தது 90 நாட்கள் சத்துமாவு உருண்டை தரப்பட்டது. தாயிடம் உணவூட்டும் முறை பற்றிப் பேசினார்கள். அந்த வீட்டில் நிலம் உண்டா, கூரை ஓடா ஓலையா என்று யாரும் கேட்கவில்லை. ஏற்கெனவே மெலிந்துவிட்ட குழந்தையை மட்டுமின்றி, மெலியத் தொடங்கும் குழந்தையையும் கோட்டின் சாய்வு காட்டிக்கொடுத்தது.

இதே காலத்தில் இன்னொரு வழியும் வந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்து, இரண்டு வயதான குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. வருகிற குழந்தைக்கெல்லாம் சோறு. 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. இவை ரோஸ் சொன்ன பெருங்கூட்டத்துக்கான வழி. தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை. ஆகவே விடுபடுவோரும் குறைவு. ‘இது ஏழைப் பிள்ளை’ என்ற முத்திரையும் குழந்தையின் நெற்றியில் விழுவதில்லை.

ஆக, மூன்று கருவிகளுக்கும் மூன்று வேலைகள். அங்கன்வாடி மையத்தை எங்கே கூடுதலாகத் திறப்பது, எந்த ஊருக்குச் செவிலியர் அடிக்கடி போகவேண்டும், பேருந்தையும் குடிநீர்க் குழாயையும் முதலில் எங்கே கொண்டுபோவது என்பவற்றை இல்லாமைக் குறியீட்டெண் சொல்லட்டும். கடைகளில் சோப்பை எந்த ஊருக்கு எத்தனை பெட்டி அனுப்புவது என்று கணக்கிடுபவர், எந்த வீட்டில் யார் குளிப்பார் என்று கணக்கிடுவதில்லையே! தனிக் குழந்தையைத் தராசும் அளவுநாடாவும் சொல்லட்டும். அடிப்படை உணவும் தடுப்பூசியும் யாரையும் தேர்ந்தெடுக்காமல் எல்லாருக்கும் போகட்டும்.

நீங்களும் அளக்கலாம்

தராசும் நாடாவும் சொல்வதைப் படிக்க மருத்துவப் படிப்பு தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி, ஒரு வயது நிறைந்த பெண் குழந்தையின் நடுத்தர எடை 8.9 கிலோ. அது 7 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடைக் குறைவு; 6.3 கிலோவுக்குக் கீழே இருந்தால் கடுமையான எடைக் குறைவு. ஆண் குழந்தைக்கு இவை முறையே 9.6, 7.7, 6.9 கிலோ.

தராசு இல்லாத இடத்தில் ஓர் எளிய நாடா போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தையின் இடது மேற்கையை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், இறுக்காமல் சுற்றி அளக்கவேண்டும். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான மெலிவு. குழந்தையை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 11.5க்கும் 12.5க்கும் இடையே இருந்தால் நடுத்தர மெலிவு. அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ சொல்லவேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், வளர்ச்சி அட்டையை வாங்கிப் பாருங்கள். கடைசி மூன்று புள்ளிகளை இணைக்கும் கோடு ஏறுகிறதா, படுத்திருக்கிறதா, இறங்குகிறதா? கோட்டின் சாய்வைப் பார்க்க எட்டாம் வகுப்புக் கணக்கே போதும். ஏறவில்லை என்றால், அந்த வீடு ஓட்டு வீடா, மாடி வீடா என்று தயங்க வேண்டாம். அந்தத் தாயிடம் அன்போடு சொல்லுங்கள்: ‘அக்கா, பிள்ளையை இந்த மாதம் தவறாமல் எடை பார்க்கக் கொண்டுபோங்க.’ கூலிக்குப் போகும் நாளாக இருந்தால், அந்தப் பிள்ளையை அங்கன்வாடிக்கு நீங்களே தூக்கிப் போகலாம்.